பிரிண்டருக்காகப் போன ஜாஹா

மூன்று வருடமாகக் கலஃபுக்கு ஒரு பெண்மேல் தீராத ஆத்திரம். அவள் முகத்தைப் பார்த்ததில்லை, பேரும் தெரியாது. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று போனுக்குள்ளிருந்து கொஞ்சுவாள். அப்புறம் பாட்டுப் போடுவாள். கால்மணி நேரம் பாட்டைக் கேட்டு முடித்ததும் லைன் அறுந்துவிடும்.

"இவ மட்டும் நேர்ல வரட்டும், என் வண்டில ஒரு சொட்டுக் காப்பி கிடையாது," என்று சபதமே போட்டிருந்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஸர்க்கா ஊர் நீதிமன்றத்துக்கு எதிரே காப்பி வண்டி வைத்திருப்பவன் அவன். அவனால் ஒருத்தருக்குத் தரமுடிந்த பெரிய தண்டனை அதுதான்.

போன் அவனுடையதல்ல. பக்கத்துக் குடையடியில் மனு எழுதும் உம் சுஹைபுடையது. அவளுக்கு இரண்டு கையும் தட்டச்சில் இருக்கும், அதனால் பிரிண்டர் கம்பெனிக்குப் போட்டுவிட்டு போனை இவனிடம் நீட்டிவிடுவாள்.

அவள் மனு எழுதும் மேசை முன்பு அவள் புருஷனுடையது. அவர் மௌத்தாகி, விதவை வீட்டோடு இருக்கவேண்டிய இத்தா முடிந்த மறுநாளே கறுப்பு அபாயா அங்கியோடு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வரிசையில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். "பொம்பளை எழுதின மனுவை எந்த நீதிபதி படிப்பாரு?" என்றான் ஒருத்தன். "உன் பெண்டாட்டி உன்மேல குடுக்கப்போற மனுவை எழுதுறேன், படிப்பாரா இல்லையான்னு பாரு," என்றாள். அந்த வருடத்து முதல் மழையில் எல்லாரும் மேசையைப் போட்டுவிட்டு நீதிமன்ற வராந்தாவுக்கு ஓடினார்கள். இவள் தன் கோட்டைக் கழற்றித் தட்டச்சு மெஷினுக்குப் போர்த்திவிட்டு நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு கிழவர், வாடகைத் தகராறு. அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள். கலஃப் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காசு வாங்காமல் ஒருத்தருக்குக் காப்பி கொடுத்தான்.

பிறகு கம்ப்யூட்டரில் அடித்த மனுவைத்தான் வாங்குவோம் என்று நீதிமன்றம் சொன்னது. வளையலை விற்று லேப்டாப்பும் பிரிண்டரும் வாங்கினாள். பிரிண்டருக்கு மூன்று வருடம் உத்தரவாதம். வந்த மாதமே அது வேலையைக் காட்டியது. தாளின் வலது ஓரத்தை விழுங்கும். அரபியில் வலது ஓரம் போனால் ஒவ்வொரு வரியின் தலையும் போச்சு. ஜீவனாம்சம் கேட்டு வந்த ஒருத்தியின் மனுவை, "இது யாரு பேரு? பாதி மனுஷிக்கெல்லாம் இங்க வழக்கு கிடையாது," என்று குமாஸ்தா விட்டெறிந்தான். அவள் அழுதுகொண்டே எதிர்ச்சாரிக் கடைக்குப் போனாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் போக ஆரம்பித்தார்கள்.

ஆறு தடவை கலஃப் தன் பிக்கப்பில் அதை அம்மானுக்குக் கொண்டுபோனான். ஆறு தடவையும் 'குறை எதுவும் இல்லை' என்று சீட்டு ஒட்டித் திரும்பி வந்தது. வரும் வியாழனோடு உத்தரவாதம் முடிகிறது.

புதன்கிழமை அந்தப் பெண் மறுபடி பாட்டுப் போட்டாள். உம் சுஹைப் அவன் காதிலிருந்து போனைப் பிடுங்கி அணைத்தாள். கலஃபை மகன் பேரை வைத்து அபூ தமீம் என்றுதான் கூப்பிடுவாள்.

"போதும் அபூ தமீம். நாளை தாண்டினா இது வெறும் இரும்பு. இன்னொண்ணு வாங்க எனக்கு வக்கில்ல, மேசையை மடக்கவேண்டியதுதான். அதனால நாளைக்கு ஜாஹா போறோம்."

"ஜாஹாவா? பொண்ணு கேக்கவா, கொலைக்குச் சமாதானம் பேசவா?"

"பிரிண்டர் கேக்க."

கலஃபுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. ஜாஹா விளையாட்டல்ல. பெரியவர்கள் கூடிப் போய்க் கேட்பது அது. வீட்டுக்காரன் காப்பி கொடுப்பான். கேட்டது கிடைக்கும்வரை குடிக்காமல் கீழே வைப்பார்கள். காப்பியைக் குடிக்காமல் விருந்தாளி எழுந்து போய்விட்டால், அந்த வீட்டுக்கு அதைவிடக் கேவலம் வேறில்லை.

பேசுவதற்கு ஹாஜி தோகானைப் பிடித்தாள். மனு எழுதுகிறவர்களில் மூத்தவர், வயது எண்பது. பெருநாளுக்குப் போடும் பழுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு பிக்கப்பில் ஏறினார். அம்மானில் கம்பெனி ஆபீஸ் நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. பிரிண்டரைத் தோளில் சுமந்து ஏறும்போது அந்தக் குரல்காரியைக் கலஃப் ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை வைதான்.

மேலே பத்துப் பேர் டோக்கனோடு சுவரில் சாய்ந்து நின்றார்கள். மேனேஜர் முத்தாஸ், முப்பது வயதுக்காரன், கண்ணாடி அறைக்குள் இருந்தான். "டோக்கன் எடுங்க ஹஜ்ஜா," என்றான் உம் சுஹைபிடம்.

"நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

"கரக் பக்கம்... எதுக்குக் கேக்குறீங்க?"

"கரக்கா!" என்றார் தோகான். "அங்க பெரிய மனுஷனை நிக்கவச்சா பேசுவாங்க? எப்ப இருந்து?"

முத்தாஸ் முகம் சிவந்துவிட்டது. நாற்காலி போடச் சொன்னான். வாய் தவறி, வளர்ந்த பழக்கத்தில், காப்பியும் கொண்டுவரச் சொன்னான். அவன் செய்த தப்பு அதுதான்.

ஏலக்காய் தாராளமாகப் போட்ட காப்பி, வாசனையிலேயே கலஃப் கண்டுகொண்டான். காலையிலிருந்து அவன் ஒரு வாய் குடிக்கவில்லை. தோகான் கிண்ணத்தை வாங்கி மேசையில் வைத்தார். உம் சுஹைபும் வைத்தாள். கலஃப் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தான்.

"ஒரு கோரிக்கையோட வந்திருக்கோம் மகனே."

"சாச்சா, இது ஒரு பிரிண்டர். இதுக்குப் போய்..."

"உனக்குப் பிரிண்டர். இவளுக்குச் சோறு."

"புதுசு தரணும்னா தலைமை ஆபீஸ்ல கேக்கணும்."

"கேளு. நாங்க எங்கயும் போகல."

முத்தாஸ் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது.' கலஃப் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "இவதான்! இவளேதான்! உங்கிட்டயுமா பாட்டுப் போடுறா?"

போட்டாள். லைன் அறுந்தது. திரும்பப் போட்டான், திரும்ப அறுந்தது. மூன்றாவது தடவை டோக்கன்காரர்கள் கதவருகில் கூடிவிட்டார்கள். "விடாத தம்பி, அடுத்த பாட்டு நல்லா இருக்கும்," என்று ஒருத்தர் தைரியம் சொன்னார். மணி மூன்றரை. நாலுக்கு ஆபீஸ் மூடும். மூன்று கிண்ணத்திலும் காப்பி தொடாமல் அப்படியே நின்றது.

முத்தாஸ் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கப்பா காதுக்கு இது போச்சுன்னா என்னை ஊருக்குள்ள விடமாட்டாரு," என்று முனகினான். உள்ளே போய், சீல் உடைக்காத பெட்டி ஒன்றைத் தூக்கிவந்தான். "என் பொறுப்புல தர்றேன், கையெழுத்தும் என்னோடது. குடிங்க சாச்சா."

தோகான் கையை நீட்டினார். உம் சுஹைப் கிண்ணத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"பொறுங்க ஹாஜி. இவங்க ஏற்கனவே ஆறு தடவை குறை இல்லைன்னு சீட்டு ஒட்டிக் குடுத்தவங்க. முதல்ல தாள் வரட்டும்."

கலஃப் பெட்டியைப் பிரித்து ஒயரைச் சொருகினான். உம் சுஹைப் கையோடு கொண்டுவந்திருந்த லேப்டாப்பில் அந்த ஜீவனாம்ச மனு அப்படியே இருந்தது. அடித்தாள். தாள் முழுசாக வந்தது. வலது ஓரத்தில் விரலை வைத்து, பேரை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசித்தாள். அப்புறம்தான் கிண்ணத்தின்மேலிருந்து கையை எடுத்தாள். ஆறிப்போன காப்பியைக் கலஃப் ஒரே மடக்கில் குடித்தான்.

"பேக் பண்ணச் சொல்லட்டுமா ஹஜ்ஜா?" என்றான் முத்தாஸ். அவனுக்கு உயிர் திரும்பியிருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, கதவருகில் நின்றவர்களைப் பார்த்தாள்.

"கழட்டாத அபூ தமீம். அந்த டோக்கன்காரங்கள்ல முதல் ஆளை இங்க வரச்சொல்லு. பேரையும் குறையையும் சொல்லட்டும், மனு அடிக்கிறேன்."