வால்வில் தொங்கிய செங்கல்

1971-இல் கன்னியம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது. திருவள்ளூர் அரிசி மில் ஒன்றில் அவித்த நெல்லைக் களத்தில் காயவைக்கிற வேலை. அந்தக் கோடையில் வேறொரு மில்லில் பாய்லர் வெடித்து, அவளுடைய நாத்தனார் செண்பகம் செத்துப்போனாள்.

அதற்குப் பிறகு, தன் மில் பாய்லரில் மிஞ்சிய ஆவி வால்வைத் தள்ளிக்கொண்டு சீறும்போதெல்லாம் கன்னியம்மாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. தொண்டைவரை துடிக்கும், கை சில்லிட்டுப் போகும், களத்து நடுவில் அப்படியே நின்றுவிடுவாள். இன்னொரு முறை நின்றால் வேலைக்கு வரவேண்டாம் என்று மேஸ்திரி கோபால் சொல்லிவிட்டார். புருஷன் படுத்த படுக்கை. அவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழாய் வைத்துக் கேட்டார். இதயத்தில் கோளாறு இல்லை, பயம்தான். வந்தால் உட்கார்ந்து மூச்சை மெள்ள விடு என்றார். கொதிக்கிற களத்தில் எங்கே உட்காருவது என்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

ஒருநாள் காலையிலிருந்து சீறலே வரவில்லை. கன்னியம்மாவைக் கண்டு பாய்லரே வாயைப் பொத்திக்கொண்டது என்று பெண்கள் கேலி பேசினார்கள். அவளுக்கோ நெஞ்சு முன்னைவிட வேகமாக அடித்தது. வேலையைப் போட்டுவிட்டு பாய்லர் கொட்டகைக்குப் போனாள். வால்வு திறக்காதபடி அதன் தண்டில் கம்பி கட்டி ஒரு செங்கல் தொங்கியது.

"இன்னாண்ணே இது?"

பாய்லர்காரர் தணிகாசலம் தலையைச் சொறிந்தார். "உனக்கோசரம்தான் கன்னிமா. நீ சோத்துக்குப் போனதும் எடுத்துடலாம்னு இருந்தேன்."

"சீறினா பயம்தான்ணே. சீறலன்னா செண்பகம் வந்து கண்ணுல நிக்கிறா. அத்த எடுத்துடு."

அவர் எடுத்தார். கொட்டகையே அதிர ஆவி சீறியது. கன்னியம்மா கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சை மெள்ள விட்டாள். அழுத்தம் காட்டும் முள் இறங்குவது தெரிந்தது. அடித்துக்கொண்டிருந்த நெஞ்சும் வெகுநேரம் கழித்துக் கொஞ்சம் இறங்கியது.

தேடிக்கொண்டு வந்த மேஸ்திரி செங்கலைப் பார்த்து வெளிறிப்போனார். தணிகாசலத்தைத் திட்டித் தீர்த்தபின் அவள் பக்கம் திரும்பினார்.

"என்னை இங்கியே அடுப்புக்கு உமி போட வுட்டுடு மேஸ்திரி. முள்ளு ஏர்றது தெரிஞ்சா, எப்ப சீறும்னு தெரியும். தாங்கிக்குவேன்."

"பாய்லர்னா நடுங்குறவ, அதுங்கிட்டயே குந்திக்கினு இருக்கப்போறியா?"

அவள் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள்.

மறுநாள் காலையிலிருந்து கன்னியம்மா பாய்லருக்கு உமி சுமந்தாள். களத்து வேலைக்கு வேறொருத்தியைப் போட்டார்கள்.