கூடாரப் பண்டிகையில் மழை

விழுப்புரத்தில் நான் ஏறிய மூக்கு நீண்ட பஸ், திண்டிவனத்துக்கு முன்பே ஐப்பசி மழையில் நின்றுவிடுகிறது. சாலையோர ஓட்டு வீட்டை நோக்கி ஓடுகிறேன். வாசலில் பனையோலைப் பந்தல் ஒழுகுகிறது. அதற்குள் வீட்டுக்காரர் கோணியைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறார்.

"யூதருங்க கூடாரப் பண்டிகைங்க. ஏழு நாளும் பந்தல்லதான் இருக்கணும். இதுலதான் கர்த்தர் திரும்பி வருவாருன்னு பிரசங்கியார் சொல்லிக்கினு போனாரு."

யூதர் தேசத்திலும் இந்த மாதம் இப்படித்தான் கொட்டுமா என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிடுகிறேன்.

உள்ளே அவர் மனைவி மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"நீங்க நம்பலியாம்மா?"

"நம்பாம என்னங்க? இந்த மழையில வர்றவரு வூட்டுக்குள்ளதான ஒதுங்குவாரு!"

ஈரத் தலையைத் துவட்ட, நாற்காலியில் மடித்து வைத்திருக்கும் துண்டை எடுக்கிறேன்.

"அது கர்த்தருக்குங்க" என்று வாங்கி வைத்துவிட்டு, கொடியிலிருந்து வேறொன்றை உருவித் தருகிறாள்.