ஊர் வேண்டாத சிலந்தி

போன வாரம் ஒரு திராட்சைத் தோட்டத்தில், தலைகீழாக விரித்த குடையை ஏந்தியபடி நெடுநேரம் நின்றேன். கை இன்னும் வலிக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்க வைத்தவர் ஸ்டெல்லா. தேனியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. சென்ற மாதம் இதே திராட்சைப் பந்தலில் மிளகு அளவில் ஒரு தாவும் சிலந்தியைப் பிடித்தார். குடும்பம் தெரிகிறது, பேரினம் தெரிகிறது. ஆனால், தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. புது இனமோ? உறுதி செய்ய ஆண் வேண்டும். ஆணின் வாயருகே உள்ள இரண்டு குட்டி உறுப்புகளின் நுனி, இனத்துக்கு இனம் வேறு. அதைப் பார்க்காமல் பெயர் வைக்கத் துணிய மாட்டார்கள். கிடைத்ததோ பெண்!

ஸ்டெல்லா கொடியைத் தட்டுவார். விழுவதைக் குடையில் பிடிப்பது என் வேலை.

தோட்டக்காரர் லோகநாதன் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் மழை. ட்ரம்மில் மருந்து கலந்து தயார்.

"வெரசா பாருங்க டீச்சர். ஈரத்துல கொத்துல நோய் விழுந்துச்சுன்னா, எங்க வீட்டம்மா எனக்குப் புதுப் பேரு வச்சிரும்."

"பூச்சி மருந்தும் கலந்திருக்கீகளா?"

"பின்ன? உங்க சிலந்தியக் கேட்டுட்டா கலக்க முடியும்?"

கடைசியில் ஒன்று விழுந்தது. ஆண்தான். ஸ்டெல்லா லென்ஸை வைத்துப் பார்த்தார்... முகம் வாடியது.

"இது இன்னும் முழுசா வளரல. இன்னும் ஒரு தடவை தோலுரிச்சாத்தான் அந்த நுனி தெரியும். அதுக்கு முன்னால செத்துட்டா ஒண்ணும் தெரியாது."

"பொழைச்சா என்ன பேரு வைப்பீக?" என்றார் லோகநாதன்.

"உங்க ஊர் பேருதான்!"

மனிதர் பதறிப்போனார். "ஆத்தாடி... வேணாம் டீச்சர்! அரிய உசுருன்னு ஆபீசருக வந்து நிப்பாக. மருந்து அடிக்காதேம்பாக. வேலியப் போட்டாகன்னா நான் எங்கன போவேன்?"

"ஒரு சிலந்திக்காக யாரும் வர மாட்டாக."

"எல்லாத்துக்கும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாக."

"சரி, வேற பேரு வைக்கிறேன். ஆனா எங்கன பிடிச்சதுன்னு கட்டுரையில எழுதியே ஆகணும். அதை மறைக்க முடியாது."

லோகநாதன் திரும்பி ட்ரம் அருகே போனார். ஸ்பிரேயர் எஞ்சினின் கயிற்றை இழுத்தார். சிலந்தியை அடைத்த குப்பியை மடியில் பொத்திக்கொண்டு ஸ்டெல்லா ஓடினார். பின்னால் நானும் குடையும்.

இப்போது அந்தச் சிலந்தி ஸ்டெல்லாவின் மேஜையில், குப்பிக்குள் நூலால் பை கட்டிக்கொண்டு கிடக்கிறது. இரை போட்டால் தொடுவதில்லை. தோலுரிக்கும் முன்பும் சாப்பிடாதாம். சாகும் முன்பும் சாப்பிடாதாம். எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லோகநாதன் தினமும் போன் செய்கிறார். "உரிச்சிருச்சா?" உரிக்க வேண்டும் என்று கேட்கிறாரா, கூடாது என்றா? குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறார் ஸ்டெல்லா.

நேற்று லோகநாதன் எனக்கே போன் செய்தார்.

"கிணத்தோரம் ஒரு பந்தலை மருந்தடிக்காம விட்டிருக்கேன் சார். இது செத்துட்டா டீச்சரை வந்து தேடச் சொல்லுங்க. வீட்டம்மா திட்டுது, திட்டட்டும்." பிறகு கேட்டார்: "ஊரை மட்டும் சொல்லாம எழுத முடியாதா?"

செய்தியின் முதல் வார்த்தை ஊர்ப் பெயர் — பத்திரிகை வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இந்தப் பத்தியில் அதை விட்டுவிட்டேன்.

ஸ்டெல்லாவுக்கு அந்த வசதி இல்லை.