காலி இல்லாத சுவர்

எண்ணூரில் எங்கள் வீட்டுச் சுவரில் விரலை வைத்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஒட்டிக்கொண்டு வரும். அந்தச் சுவரைத் துடைத்து, வெள்ளையடித்து, மதுபனி ஓவியம் வரைவதென்று சித்தி முடிவெடுத்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா பெரும்பாலும் விசைப்படகில்தான் இருப்பார். ரம்ஜான் முடிந்ததும் அம்மாவுக்கு லீவு கிடைக்கும் என்று பேச்சு. அவள் வருவதற்குள் சுவர் முடிந்தாக வேண்டும்.

எங்கள் குரு, சித்தியின் செல்போனுக்குள் இருந்த பீகார்ப் பெண். அவர் பேசிய இந்தியில் எங்களுக்குப் புரிந்தது ஒரே வார்த்தை: காலி. வெறும் இடத்தைக் காட்டி, தலையை ஆட்டி, காலி என்பார். பிறகு அங்கே ஓர் இலையையோ பூவையோ வரைந்துவிடுவார். எந்த இடமும் காலியாக இருக்கக் கூடாது, அதுதான் பாடம் என்று சித்தி கண்டுபிடித்தாள். அது சரிதான் என்று பின்னால் தெரிந்தது.

எல்லாக் கோடும் இரட்டைக் கோடு. இடையில் நெருக்கமாகக் குறுக்குக் கோடுகள். என்னுடையவை தண்டவாளம் போல ஆரம்பித்துப் பாதியில் தடம்புரண்டன. மீன் மட்டும் எனக்கு வரும் என்று நினைத்தேன். ஆனால் நான் பார்த்த மீன்களெல்லாம் கூடையில் கிடந்தவை.

"இன்னாடி இது, ஐஸ்ல போட்ட மீனு மாரி வாயப் பொளந்துகினு கீது? உசுரோட போடுடி" என்று சித்தி சிரித்தாள்.

கண்ணைப் பெரிதாகப் போட்டால் உயிர் வந்துவிடும் என்று வீடியோவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சுவரின் நடுவே ஓர் ஆணி இருந்தது. அம்மா கைப்பையை மாட்டும் ஆணி. பிடுங்கிப் பார்த்தேன், வரவில்லை. அதைச் சுற்றிப் பெரிய மீனாக வரைந்து ஆணியையே கண்ணாக்கினேன். மீதி இடத்தைக் குட்டி மீன்கள் அடைத்துக்கொண்டன.

வெள்ளிக்கிழமை அம்மா வீடியோ காலில் வந்தாள். லீவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போனைச் சுவரோரமாக மெல்ல நகர்த்திக் காட்டினேன்.

"ஐயே, சூப்பரா கீதுடி! ஆமா, என் ஆணி எங்க?"

"அது மீனுக்குக் கண்ணும்மா."

"அப்போ நான் வந்தா பைய எங்க மாட்றதாம்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் பெருமையாகச் சொன்னேன்.

"ஒரு எடங்கூட காலி இல்லம்மா!"

திரையில் அம்மாவின் முகம் போய், கூரையில் ஒரு மின்விசிறி தெரிந்தது. நெட் போய்விட்டது என்று போனைச் சித்தியிடம் கொடுத்தேன். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சித்தி போனோடு வெளியே போய் நெடுநேரம் கழித்து வந்தாள்.

"லீவு இல்லியாம். அடுத்த வர்சம் பாக்கலாங்குறா."

மறுநாள் காலை, மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கரைத்து என் பெரிய மீனின்மேல் பூசினாள். வெள்ளையில் ஆணி மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. நான் கத்தினேன்.

"காலியா கீது பாரு சித்தி! தப்பு!"

"இர்க்கட்டும்டி. அந்த எடம் அப்டியே இர்க்கட்டும்."

இத்தனை நாள் கற்றுக்கொண்டும் பாடத்தின் முதல் விதிகூடச் சித்திக்குப் புரியவில்லையே என்று அன்று முழுவதும் நான் அவளோடு பேசவில்லை.