அக்காவைக் கறுப்பாக வரைந்தது

யோகா வகுப்பில் இடம் கிடைக்காததால்தான் நான் பென்சில் பிடித்தேன். பெரிய கலைத்தாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீசில் இருபது வருடமாகக் கிளார்க் வேலை பார்க்கிறேன். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, மனசுக்கு இதமாக ஏதாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஆபீசுக்கு நாலு கடை தள்ளி, சேலைக்கடை மாடியில் யோகா நடக்கிறது என்று போனேன். அங்கே கூட்டம் நிரம்பிவிட்டது. பக்கத்து அறையில் சனிக்கிழமை காலைகளில் பென்சில் ஓவியம் கற்றுத் தருகிறார்கள், வேண்டுமானால் சேரலாம் என்றார்கள். ஏறிய படிகளை வெறுங்கையோடு இறங்க மனம் வரவில்லை.

சொல்லிக் கொடுப்பவள் இருபத்தாறு வயதுப் பெண். முதல் நாள் ஒரு கோடுகூடப் போடவிடவில்லை. பிளேடை வைத்துப் பென்சிலை நீளமாகச் சீவச் சொன்னாள். கரி ஓர் அங்குலம் வெளியே தெரிய வேண்டுமாம். அப்போதுதான் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்க முடியுமாம். மூன்று தடவை சீவினேன், மூன்று தடவையும் முனை முறிந்தது. “ஷார்ப்னர்னு ஒண்ணு கண்டுபிடிச்சிட்டாங்க தெரியுமாம்மா?” என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அவள் சிரித்துவிட்டு, “கோவத்துல சீவுனா ஒடையத்தான் செய்யும் ஆன்டி,” என்றாள்.

அடுத்த வாரம் ஒன்பது கட்டங்கள். முதல் கட்டம் வெறும் வெள்ளைத்தாள். ஒவ்வொரு கட்டமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டே போய், ஒன்பதாவது கன்னங்கரேல் என்று முடிய வேண்டும். என் கட்டங்கள் ஐந்து வரைக்கும் ஒழுங்காகப் போயின. அதற்குப் பிறகு எல்லாம் ஒரே சாம்பல்.

“கருப்பு எங்க ஆன்டி?”

“அதான் போட்டிருக்கேனே.”

“இது சாம்பல்லா. நீங்க பயப்படுறீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. ஆபீசில் வக்கீலே என்னைப் பார்த்துத்தான் பயப்படுவார். “பேப்பர் பாழாயிடும்மா,” என்று சொல்லிச் சமாளித்தேன்.

கண்ணைப் பாதி மூடிப் பார்க்கவும் கற்றுக் கொடுத்தாள். அப்படிப் பார்த்தால் நிறமெல்லாம் மங்கி, எங்கே வெளிச்சம் எங்கே இருட்டு என்பது மட்டும் நிற்கும். நான் அதை ஆபீசில் வருகிறவர் போகிறவர் மீதெல்லாம் பழகினேன். ஒருத்தர் பயந்துபோய், “அக்கா, ஏதும் மயக்கமா வருதா?” என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

முட்டை எனக்கு நன்றாக வந்தது. வெள்ளை முட்டை, வெள்ளைத் துணி, ஒரு பக்கம் மட்டும் மெல்லிய நிழல். வகுப்பே பாராட்டியது. அதற்கடுத்து கறுத்த தோலுள்ள மங்குஸ்தீன் பழம் வைத்தாள். நான் வரைந்ததைப் பார்த்தவர்கள் எல்லோரும் வெளிறிய சிக்குப் பழம், அதாவது சப்போட்டா, என்றார்கள்.

முட்டைப் படத்தைக் கிள்ளானில் இருக்கும் அக்காவுக்குப் போனில் அனுப்பினேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கிறாள். “ஒடச்சி ஆம்லெட் போடலாம் போல இருக்கு,” என்று பதில் வந்தது. சற்று நேரம் கழித்து இன்னொன்று வந்தது. “என்னை வரைவியா? ஹால்ல மாட்ட.”

அதை இரண்டு தடவை படித்தேன். அக்கா படத்தில் நிற்கிற ஆள் இல்லை. கல்யாணம், காதுகுத்து, எந்த விசேஷமானாலும், “நீங்க நில்லுங்க, நான் புடிக்கிறேன்,” என்று போனை வாங்கிக்கொண்டு விலகிவிடுவாள். எங்கள் குடும்பப் படம் எதை எடுத்தாலும் அவள் இருக்க மாட்டாள். அவளுக்குப் படம் என்றாலே ஏன் ஆகாது என்பது எனக்குத் தெரியும்.

அக்கா நல்ல கறுப்பு. நான் அம்மாவைக் கொண்டு சிவப்பு. அக்காவுக்கு இருபத்திரண்டு வயதில் மாப்பிள்ளை பார்த்தார்கள். கிள்ளானில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்துக் காஜாங்கில் இருந்த பிள்ளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் பெண் படம் என்றால் ஸ்டூடியோக்காரர்கள் கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்கித் தருவார்கள். அம்மா அதைப் பார்த்துப் பூரித்துப் போனார். பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். அக்கா தேநீர் ட்ரேயோடு வந்து நின்றாள். பிள்ளையின் அம்மா கைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தார். அக்காவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். சுவரோரம் நின்றிருந்த என்னைத் திரும்பிப் பார்த்து, “இது சின்னவளோட போட்டோவா?” என்று கேட்டார்.

முகத்தில் அடித்தாற்போல் கேட்டார். ட்ரேயில் கோப்பைகள் கடகடவென்று ஆடியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, சின்னப் பெண்ணைக் கேட்கிறார்கள் என்றார். அப்பா அவரை வாசலோடு விரட்டிவிட்டார். பிறகு நாலு வருடம் கழித்து அக்காவுக்கு ஒரு நல்ல மனிதர் அமைந்தார். அந்தக் கதை அத்தோடு முடிந்ததாக வீட்டில் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

நான் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாரே, அந்த நொடியில் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. நான் அழகி என்கிற சந்தோஷம். அப்போது எனக்கு வயது பதினேழு. என் அக்கா எனக்கு எதிரில் கூனிக்குறுகி நிற்கிறாள், எனக்கு உள்ளே குளுகுளு என்றிருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும். அதனால்தான் அக்கா படம் கேட்டதும், இதிலாவது அவளுக்கு நல்லது செய்துவிட வேண்டும் என்று துடித்தேன்.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பூச்சோங்கில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தேன். கண்ணும் மூக்கும் அப்படியே வந்தன. கன்னத்துக்கு வந்தபோதுதான் வில்லங்கம். கறுப்பாக விழும் 4பி பென்சிலால் ஒரு அடுக்குத் தேய்ப்பேன். தள்ளி நின்று பார்ப்பேன். ஐயோ, இவ்வளவு கறுப்பா, பார்த்தால் அவள் மனசு கஷ்டப்படுமே என்று தோன்றும். மாவு மாதிரி பிசையும் ரப்பர் ஒன்று இருக்கிறது. அதை ஒற்றி ஒற்றிக் கரியை எடுப்பேன். டிஷ்யூவால் மெழுகுவேன். கறுப்பாக்குவது அவளை மறுபடியும் அந்த ட்ரேயோடு நிற்க வைப்பது போலிருந்தது.

வகுப்பில் அந்தப் பெண்ணிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

“அழகா இருக்காங்க ஆன்டி. லைட்டு எங்கேர்ந்து வருது?”

“ஜன்னல்லேர்ந்து.”

“அப்ப இந்தப் பக்கக் கன்னம் இருட்டா இருக்கணுமே? எங்கயுமே இருட்டு இல்லியே.”

“அவங்க அப்படித்தான் இருப்பாங்க,” என்று வெடுக்கென்று சொல்லிப் படத்தை வாங்கிக்கொண்டேன்.

சட்டம் போட்டு, கோமுட்டர் ரயிலில் மடியிலேயே வைத்துக் கிள்ளானுக்குக் கொண்டுபோனேன். அக்கா கை கழுவி, முந்தானையில் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள்.

“யாருலா இது?”

பிறகு சிரிக்கவில்லை.

“மூக்கு என்னோடது. இந்த மச்சம் என்னோடது. தோலு ஒன்னோடது.”

நான் படத்தை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

“அந்த ஸ்டூடியோக்காரனுக்கு நான் யாருன்னே தெரியாது. ஒனக்குத் தெரியும்ல?” என்றாள். படத்தை சோபாவில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். மதியம் சோறு போட்டாள், நண்டு பிரட்டல் வைத்திருந்தாள், முறுக்கு கட்டிக் கொடுத்தாள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பி வரும்போது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூன்று வாரம்! முதுகு ஒடிய உட்கார்ந்து வரைந்தேனே, ஒரு நல்ல வார்த்தை உண்டா? ஷா ஆலம் ஸ்டேஷன் வரைக்கும் மனசுக்குள் அவளோடு சண்டை போட்டேன். அதற்குப் பிறகு சண்டை போட ஆள் இல்லை. அந்த ஸ்டூடியோக்காரர் செய்ததையே நான் செய்திருக்கிறேன். எல்லாம் தெரிந்த நானே செய்திருக்கிறேன். அவளுக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டேனே தவிர, கறுப்பு என்றால் கஷ்டம் என்று முடிவு கட்டியது நான்தான். எதிரில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினார். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குப் போனதும், “கருப்புத் தோலை எப்படிம்மா வரையிறது?” என்று கேட்டேன். ‘அவங்க அப்படித்தான்’ என்று சொன்னது பொய் என்பதையும் ஒப்புக்கொண்டேன். அவள் குத்திக்காட்டவில்லை. முதலில் தலைமுடியையும் கண்மணியையும் இன்னும் கறுப்பான 6பி பென்சிலால் முழுக் கறுப்பாகப் போட்டுவிடச் சொன்னாள். அது நின்றுவிட்டால் மற்றதை எல்லாம் அதோடு ஒப்பிட்டு வைக்கலாம், கை தயங்காது என்றாள். ஒரேயடியாக அழுத்தாமல் 2பி, 4பி, 6பி என்று அடுக்கு அடுக்காக, கன்னத்தின் வளைவோடு கோடு போடச் சொன்னாள்.

“இவங்களுக்கு நெத்தியிலயும் மூக்கு நுனியிலயும் லைட்டு பளிச்சுன்னு விழும் ஆன்டி. வெள்ளத் தோல்ல அது தெரியவே தெரியாது. அந்த எடத்த மட்டும் தொடாதீங்க.”

இரண்டு வாரம் கறுத்துப் பளபளக்கும் கத்தரிக்காயாக வரைந்து தள்ளினேன். வீட்டில் தினமும் கத்தரிக்காய்க் குழம்பு.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாளும் பென்சிலுமாகக் கிள்ளானுக்குப் போய் இறங்கினேன். “மறுபடியுமா? ஒனக்கு வேற வேல இல்லியா?” என்றாள் அக்கா. அப்படிக் கேட்டாலும், சமையலறை ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தலையை அசைக்கக் கூடாது என்று சொன்னேன். ஜன்னல் வழியாக வெயில் அவள் நெற்றியில் விழுந்தது.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவள் முகத்தை நான் இப்படி விடாமல் பார்த்ததே இல்லை. முடியை இருட்டினேன். கண்மணியை இருட்டினேன். கன்னத்தில் முதல் அடுக்கு, இரண்டாவது அடுக்கு. ரப்பரை வேண்டுமென்றே பையைவிட்டு வெளியே எடுக்கவில்லை. மூன்றாவது அடுக்கில் தாடை வந்தது, அப்பாவின் தாடை. கறுக்கக் கறுக்க நெற்றி வெளிச்சம் தாளிலிருந்து எழுந்து வந்தது. பென்சிலை வைத்துவிட்டேன்.

“அக்கா. அன்னிக்கு அந்தப் பொம்பள என்னைப் பாத்துக் கேட்டாங்கள்ல.”

“ம்.”

“அப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சுக்கா.”

சொல்லிவிட்டேன். நான் அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவள் தலையைத் திருப்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

“தெரியும்.”

“தெரியுமா?”

“ட்ரேயோட ஒனக்கு எதுத்தாப்லதான நின்னேன். அவங்க கேட்ட ஒடனே ஒன் மூஞ்சியத்தான் பாத்தேன்.”

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் பிரசவத்துக்கு வந்து நாற்பது நாள் கூட இருந்தவள். ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கென்று தனியாக முறுக்கு எடுத்து வைக்கிறவள். “ஏன்க்கா ஒண்ணுமே கேக்கல?” என்றேன்.

“என்னத்தக் கேக்குறது? நீ சின்னப் புள்ள. ஆனா வலிச்சிச்சு. அந்தப் பொம்பள சொன்னதவிட அது வலிச்சிச்சு.”

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பென்சிலை எடுத்தேன். அவள் அதுவரை அசையாமல் இருந்தவள், எட்டித் தாளைப் பார்த்தாள். நெற்றி, கன்னம், தாடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கீழே வந்தாள்.

“கழுத்த ஏன் வெளுப்பா விட்டுருக்க?” என்றாள். “அதுவும் நான்தான். போடு.”