உடம்பு இல்லாத கவுன்

தையல் தெரியுமா என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் எனக்குச் சட்டென்று பதில் வருவதில்லை.

கல்யாணமாகி விருதுநகர் பக்கமிருந்து அருள்புரம் வந்த நாள்முதல் ஒரே பனியன் கம்பெனி. வெட்டி வரும் பனியன் கையின் ஓரத்தை மடித்துத் தைத்து, அடுத்த மிஷினுக்குத் தள்ளுவேன். அவ்வளவுதான் என் வேலை. கழுத்து தைக்கவும் கற்றுக்கொள்கிறேன் என்று ஒருமுறை சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"நல்லா ஸ்பீடு வந்திருக்குதுங்கக்கா. அதை எதுக்குக் கெடுத்துக்கறீங்க?" என்றார். பாராட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

போன வருஷம் ஆர்டர் இல்லாமல் கம்பெனியை மூடிவிட்டார்கள். சேமிப்பை எடுத்து வீட்டில் ஒரு தையல் மிஷின் வாங்கிப் போட்டேன். வீட்டுக்காரம்மா பூப்போட்ட துணியோடு வந்தார்.

"பேத்திக்குப் பொறந்தநாள் வருது கண்ணு. ஒரு கவுன் தெச்சுக் குடு. கம்பெனில தெச்சவளுக்கு இது பெரிய வேலையா?"

இல்லை என்றுதான் நானும் நம்பினேன்.

மறுநாள் அவர் வந்தபோது கவுனின் இரண்டு கைகள் தயாராக இருந்தன. ஓரம் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. மீதித் துணியை எங்கே வெட்டுவது என்று தெரியாமல், கத்தரியோடு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன்.

அவர் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "உடம்பு எங்க கண்ணு?"

"அது அடுத்த மிஷின்ல வருமுங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் கைகளை மிஷின்மேல் வைத்துவிட்டு, மீதித் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். 'நல்ல அனுபவம் உள்ள ஆள்' என்று சொல்லி, கை மடிக்கிற மிஷினிலேயே உட்கார வைத்தார்கள். வீடு திரும்பினால், ஆணியில் தொங்கும் அந்த இரண்டு கைகளும் ஃபேன் காற்றில் உடம்பைத் தேடி ஆடிக்கொண்டிருக்கின்றன.