தெரேசா ஆல்ட்டோ வரிசையில் நின்ற சனிக்கிழமை

பாடகர் குழுவுக்கு முன்னால் நின்று நான் முதன்முதலில் பாட்டைத் தொடங்கிவைக்கக் கையை இறக்கியபோது, முப்பது பேரில் மூன்று பேர்தான் பாடினார்கள். அந்த மூன்று பேரும் மூன்று இடத்தில் ஆரம்பித்தார்கள். இப்போது என்னிடம் குழு நடத்தப் பழகும் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று எனக்கு வியர்த்துக் கொட்டியது.

எண்பதுகளின் நடுவில், பாரிசில் லா ஷப்பல் மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாதா கோயில் ஹால். சனிக்கிழமைதோறும் ஒத்திகை. பாதிப் பேர் என்னைப் போலப் புதுச்சேரிக்காரர்கள், மீதி யாழ்ப்பாணத்தார். நான் சம்பளத்துக்குப் பியானோ வாசித்தேன். குழுவை நடத்தியவர் தெரேசா. பிரேசில்காரர். அங்கே ராணுவ ஆட்சிக்குத் தப்பி வந்து பன்னிரண்டு வருடம் பாரிசில் இருந்தவர்.

அந்த ஆட்சி முடிந்தது. தெரேசா ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். கிளம்புமுன் கடைசிக் கச்சேரியில், நாலு குரலுக்கு எழுதிய அவர் ஊர் நாட்டுப்பாட்டு ஒன்றை வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு பிரெஞ்சில் சொன்னார்.

"இத்தனை வருஷமா முன்னால நின்னு உங்க எல்லார் முகத்தையும் பார்த்துட்டேன், அருள். ஒரு தடவை நானும் நடுவுல நின்னு பாடணும். இதை நீங்க நடத்துங்க."

"எனக்கென்ன தெரியும், மதாம்?"

"பாட்டு தெரியுமில்ல? போதும்."

போதவில்லை. அந்தப் பாட்டில் பேஸ் என்கிற ஆண்களின் அடிக்குரல்கள் மேளம்போல 'தும், தும்' என்று போக வேண்டும். கனம் இரண்டாவது அடியில் விழும். சின்ன வயதில் மிருதங்கம் படித்தவன் நான். தாளம் எனக்குப் பிசகாது என்ற திமிர் நிறைய உண்டு. தொடையில் தட்டுகிற பழக்கத்தில், முதல் அடியான சமத்தில் பளிச்சென்று கையை இறக்கினேன். பாட்டு சிதறியது. மூன்று சனிக்கிழமை இதே கதை. கச்சேரிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பேஸ் வரிசையைப் பார்த்துக் கத்தினேன்.

"எல்லாரும் தூங்கிட்டு வர்றீங்களா?"

அந்த வரிசையில் நின்ற ஞானம் கையைத் தூக்கினார். பக்கத்து ரூ பெர்தொனே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"கோவியாதேங்கோ அண்ணை. நீங்கள் தாளம் போடுறியள். பாடிக்கொண்டிருக்கிற ஆளுக்கு அது சரி. நாங்கள் இன்னும் துவங்கேல்லையே. எப்ப மூச்செடுக்கிறதெண்டு ஆர் காட்டுறது?"

சுருக்கென்றது. அவர் சொன்னது உண்மை. என் கை அடியோடு சேர்ந்து விழுந்ததே தவிர, வரப்போவதைச் சொல்லவே இல்லை. தெரேசாவுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்கும். பெண்களில் தாழ்ந்த குரல்காரர்கள் நிற்கும் ஆல்ட்டோ வரிசையில் பாட்டுத் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். ஒத்திகை முடிந்து வெளியே வந்ததும் கோபமாகவே அவரிடம் கேட்டேன்.

"ஏன் நீங்க சொல்லலை?"

"சொன்னா எல்லாரும் மறுபடி என்னைத்தான் பார்ப்பாங்க. அடுத்த மாசம் யாரைப் பார்ப்பாங்க?"

அந்த வாரம் முழுக்க, நான் குடியிருந்த பொண்டி என்ற பாரிஸ் புறநகருக்குத் திரும்பும் ரயிலில் கையைத் தூக்கித் தூக்கி மூச்சிழுத்தேன். எதிரே இருந்த ஓர் அம்மாள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

கச்சேரியன்று கோயில் நிறைந்திருந்தது. கையை உயர்த்தி, வாயைத் திறந்து மூச்சிழுத்தேன். முப்பது பேரும் என்னோடு இழுத்தார்கள். பேஸ் ஒன்றாக இறங்கியது. அந்த நிமிடத்தின் சந்தோஷம் பிறகு எந்தக் கச்சேரியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது வரியில் தெரேசாவின் வாய் நின்றுவிட்டது. அழுதார். வரிசை அவரை விட்டுவிட்டு மேலே பாடிக்கொண்டு போனது. நடுவில் நின்று பாட அவர் ஆசைப்பட்டதே கெட்டுவிடும் என்று பயந்தேன். அடுத்த வரி தொடங்குமுன் மற்ற இருபத்தொன்பது பேரையும் மறந்து, அவரை மட்டும் பார்த்து மூச்செடுத்தேன். அவரும் எடுத்தார். கடைசிவரை பாடினார்.

பிள்ளைகளே, தாளம் தவறாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் ஒருவர் பாட முடியாமல் நிற்கும்போது, அவரைப் பார்த்து முதலில் நீங்கள் மூச்செடுங்கள். இந்த வேலையில் அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.